‘போன் எடுப்பீங்களா?’ – காது மந்தமான பிறகு சேலத்தில் வேலை தேடிய பதினைந்து மாதங்கள்

“டேலி தெரியுமா?” கணக்கு மென்பொருள்தானே, தெரியும். “ஜிஎஸ்டி ரிட்டர்ன் நீங்களே போடுவீங்களா?” ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து நான்தான் போடுகிறேன். “பேங்க் ஸ்டேட்மென்ட் டேலி பண்றது?” அதுவும் செய்வேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் இரண்டாம் மாடியில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நன்றாகத்தான் போனது. சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கப் போகிறார் என்று மனசுக்குள் ஒரு தொகையைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மின்விசிறிக் காற்றில் முடி விலகி, காதுக்குப் பின்னால் இருந்த மெஷின் அவர் கண்ணில் பட்டுவிட்டது. என் பயோடேட்டாவை மடித்து மேசை மேல் வைத்துவிட்டுக் கேட்டார்: “போன் எடுப்பீங்களா?” அது கணக்கர் வேலை. போன் எடுக்க வாசலில் தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் அதற்கப்புறம் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. “சொல்லி அனுப்பறோம் மேடம்” என்றார். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

அந்தக் கேள்வியை அப்புறம் எத்தனையோ இடத்தில் என்னிடம் கேட்டுவிட்டார்கள். 2022 மார்ச்சில் ஒரு வேலை போய், 2023 ஜூனில் இன்னொரு வேலை கிடைக்கிற வரை பதினைந்து மாதம். சம்பளத்தை மட்டும் கணக்குப் போட்டால் இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் ஏமாந்தது, தெரியாமல் வாங்கியது, தெரிந்திருந்தால் இலவசமாகவே கிடைத்திருக்கும் என்று பின்னால் தெரிந்தது எல்லாம் தனி. கணக்கு எழுதுகிறவள் என்பதால் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது அம்மாப்பேட்டை. வீட்டு முன்கட்டில் இரண்டு விசைத்தறி ஓடும். தறி நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். அந்தச் சத்தத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதியதும், தம்பியோடு சண்டை போட்டதும். காது டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தறிச் சத்தம் மட்டும் காரணமாக இருக்காது, நரம்பும் பலவீனமாகிக்கொண்டே வருகிறது, இது திரும்பி வராது என்றார். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. நூல் வியாபாரம் செய்யும் ஒரு கடையில் ஏழாவது வருடமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடையில் யாரிடமும் சொல்லவில்லை. முடியைக் காதுக்கு மேல் இழுத்துப் பின்னிக்கொண்டேன். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டேன். காது கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. உதட்டைப் பார்த்தால் ‘ப’வும் ‘ம’வும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலாளி ‘பில்’ என்றாரா ‘மில்’ என்றாரா என்று ஒரு நாளைக்குப் பத்து முறை ஊகிக்க வேண்டும். நூல் கடையில் இரண்டுமே சரியாகப் பொருந்தும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைவலி கண்ணைப் பிடுங்கும். காதில் போன வேலையைக் கண்ணும் மூளையும் சேர்ந்து செய்தால் அப்படித்தான் ஆகும் என்று அப்போது தெரியாது. ரத்தம் குறைவு என்று நினைத்துப் பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மாட்டிக்கொண்டது பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில். பதினேழு மூட்டை என்று போனில் சொன்னதைப் பதினெட்டு என்று எழுதி பில் போட்டுவிட்டேன். ஒரு மூட்டை நூலின் விலை, பார்ட்டியிடம் போன பேர், இரண்டுக்கும் சேர்த்து முதலாளி கத்தியது எனக்கே நன்றாகக் கேட்டது. மறுவாரம் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை, அதுதான் கொடுமை. “ஏம்மா, ஒடம்ப வருத்திக்கிட்டு எதுக்கு? வீட்ல கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு” என்றார். டைப் அடித்து வைத்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று இருந்தது. ஒன்பது வருடம் நான் அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டவர். கண்ணில் தண்ணீரோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கடைப் பையனிடம் கல்லாச் சாவியையும் ஒப்படைத்துவிட்டு வந்தேன். அந்த மாதச் சம்பளத்தோடு ஐந்தாயிரம் சேர்த்துக் கொடுத்தார். நன்றி வேறு சொன்னேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் என் பெரிய நஷ்டம் இங்கேதான் நடந்தது. யாராவது எழுதி வைத்த கடிதத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள், அந்த ஒரு வாக்கியம் போதும். அப்புறம், பணிக்கொடை. பல வருடம் வேலை பார்த்தவர் விலகும்போது முதலாளி தர வேண்டிய கிராஜுவிட்டி அது. அந்தக் கடையில் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்த கடைக்குப் பணிக்கொடைச் சட்டம் அப்போது பொருந்தியது. ஐந்து வருடம் முடித்திருந்தால், நாமே விலகினாலும் அது உண்டு. கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். என் சம்பளம் 16,500. ஒன்பது வருடத்துக்கு 85,673 ரூபாய் வருகிறது. ஊர் உலகத்துக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தவளுக்குத் தனக்கு வர வேண்டியதைப் போடத் தோன்றவில்லை. முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று இருந்தாலும், தாமதமானதால் மட்டும் உரிமை போய்விடாது என்று ஒரு வருடம் கழித்துத் தெரிந்தது. பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்பினேன். பதில் இல்லை. தொழிலாளர் துறையில் இதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் போகப் போகிறேன் என்று இரண்டாவது கடிதம் போன பிறகு, இரண்டு தவணையாகக் கொடுத்தார். கொடுக்கும்போது “கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேனேம்மா” என்றார். இருக்கலாம்.

வேலை போனதும் செய்த முதல் முட்டாள்தனம், ஆன்லைனில் 4,200 ரூபாய்க்கு ஒரு காது மெஷின் வாங்கியது. அது மெஷினே இல்லை, எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கும் ஒரு டப்பா. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் மண்டைக்குள் இறங்கும், எதிரில் பேசுகிற மனிதர் மட்டும் கேட்காது. அப்புறம் நகையை அடகு வைத்து 72,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கினேன். நல்ல மெஷின்தான். ஆனால் ஒரு வாரமாவது போட்டுப் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்று கேட்டிருக்க வேண்டும். போன் சத்தம் நேராக மெஷினுக்குள் வருகிற வசதி அதில் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் முக்கியம், கடையில் யாரும் அதைச் சொல்லவில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் இலவசமாகவே கொடுக்கிறார்கள் என்பது அடகுக்கு இரண்டாவது வட்டி கட்டிய பிறகுதான் தெரிந்தது. வட்டி எவ்வளவு என்று நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது, இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த அலுவலகத்துக்கு நான் ஏன் போகவில்லை? மாற்றுத்திறனாளி என்ற சொல்லை என் பேருக்கு முன்னால் வைத்துப் பார்க்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். கால் இல்லாதவர்கள், கண் தெரியாதவர்கள் போகிற இடம் அது, நமக்கு என்ன, கொஞ்சம் மந்தம்தானே என்று ஒரு வீம்பு. என் மாமியார்தான் ஒரு நாள் “அட்டை வாங்குனா காது இன்னும் கொஞ்சம் கொறஞ்சா போயிரும்?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அட்டை எடுக்கப் போனேன். இரண்டு காதிலும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு காது முழுசாகப் போய் இன்னொன்று நன்றாக இருந்தால் சலுகைகளுக்குத் தேவையான 40 விழுக்காடு வராது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால் செவித்திறன் குறைந்தவர், அதற்கு மேல் போனால் செவித்திறன் அற்றவர். எனக்கு வலது 66, இடது 72. காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராம் எடுக்க ஒரு நாள், ஏமாற்றவில்லை என்று உறுதி செய்கிற பெரா டெஸ்டுக்கு இன்னொரு நாள், டாக்டர் கையெழுத்துக்கு மூன்றாவது நாள். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு வரிசை. காது கேட்காதவர்கள் உட்கார்ந்திருக்கிற அறையில் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். என் பேரை இரண்டு முறை கூப்பிட்டு, ஆள் இல்லை என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். நானும் பக்கத்தில் இருந்த அம்மாவும் அதை நினைத்து அப்புறம் சிரித்தோம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. போகிறவர்கள் கேட்கிற ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதிந்த எண்ணைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை வந்த பிறகு கோரிமேட்டில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்து, இதையும் சேர்த்தேன். அங்கே ஒரு ஊழியர் நன்றாக விளக்கினார், என் முகத்தைப் பார்த்து, நிதானமாக. அரசு வேலையில் 4 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு, அதில் பார்வைக்கு 1, செவிக்கு 1, கை கால் குறைபாடுகளுக்கு 1, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் போன்றவற்றுக்குச் சேர்த்து 1. தனியாரில் அப்படிக் கட்டாய ஒதுக்கீடு எதுவும் சட்டத்தில் இல்லை. இதை அவர் எனக்கு மூன்று மாதம் முன்னால் சொல்லியிருந்தால் 6,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். ‘மாற்றுத்திறனாளி கோட்டாவில் கம்பெனி வேலை’ என்று சொல்லி ஒரு ஏஜென்ட் என்னிடம் வாங்கிய தொகை அது. புது பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, அட்டையின் ஜெராக்ஸும் வாங்கிக்கொண்டு போனவர், அதோடு சரி. தனியாரில் கோட்டா என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அட்டை நகலை நேர்காணல் முடிந்து வேலை உறுதியாகும் வரை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

நேர்காணல்களைப் பற்றிச் சொன்னால் இரவு முழுக்கச் சொல்லலாம். ஒரு இடத்தில் கேட்டவரின் மீசை மேலுதட்டை முழுசாக மூடியிருந்தது. அவர் என்ன கேட்டாலும் எனக்குத் தெரிந்தது மீசை மட்டும். இன்னொரு இடத்தில் காதைப் பற்றிச் சொல்லாமலே சேர்ந்தேன். எட்டாவது நாள், நான் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, மேசை மேல் இருந்த போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் அறையில் இருந்த ஐந்து பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மறைத்துச் சேர்ந்தீர்களே என்றுதான் அனுப்பினார்கள். அதில் எனக்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. எட்டு நாள் சம்பளமும் வரவில்லை. அதற்கு நேர்மாறாக அடுத்த இடத்தில் கதவைத் திறந்து உள்ளே போனதுமே, “எனக்குக் காது சரியாகக் கேட்காது சார்” என்றுதான் ஆரம்பித்தேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவே இல்லை. கூட வந்த என் கணவரிடம் பேசினார். அவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர், டேலி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது.

மனசு விட்டுப்போனது ‘மாற்றுத்திறனாளிகள் வரவேற்கப்படுகிறார்கள்’ என்று விளம்பரமே கொடுத்த நிறுவனத்தில். கொஞ்சம் பெரிய இடம், ஹெச்ஆர் என்று தனியாக ஒரு பெண். சிரித்த முகம். “உங்களுக்கு என்ன மாதிரி?” என்று கேட்டாள். சொன்னேன். “ஓ, காதா… லேசா கால்ல மட்டும் ப்ராப்ளம் இருக்கறவங்களாப் பாக்கறோம் மேடம். கம்யூனிகேஷன்ல எந்தப் பிரச்சனையும் இருக்கக்கூடாது.” அதாவது மாற்றுத்திறன் இருக்க வேண்டும், ஆனால் அதனால் அவர்களுக்கு ஒரு அசைவும் நேரக்கூடாது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு அழுகை வரவில்லை, பசி வந்தது. ஒரு தட்டுவடை செட் வாங்கித் தின்றேன். இன்னொன்றும் வாங்கித் தின்றேன். அதையும் நோட்டில் எழுதினேன், 40 ரூபாய்.

அன்று இரவு தம்பி போனில் அந்த 2016 சட்டத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தான். படிக்கப் படிக்க எனக்குக் கோபமும் வந்தது, கொஞ்சம் தெளிவும் வந்தது. நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், என்னைப் போலத் தப்பாக நம்பி ஏமாறாமல் இருக்க. வேலையில் இருக்கும்போது ஊனம் வந்தால் வெளியே அனுப்பக்கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 20-ஆவது பிரிவு சொல்கிறது. அது அரசு நிறுவனங்களுக்குத்தான். என் நூல் கடையை அது கட்டுப்படுத்தாது. ஆனால் 21-ஆவது பிரிவு தனியாருக்கும் சேர்த்து. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். அந்தச் சட்டத்தின் 2017 விதிகளில் எட்டாவது விதி, இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் அந்தக் கொள்கையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்கிறது: எந்தெந்த வேலைகள் பொருந்தும், ஆள் எடுக்கும் முறை, பயிற்சி, பதவி உயர்வு, விடுப்பு, உதவிக் கருவிகள், தடையில்லாத வசதி, இதையெல்லாம் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலர். இணையதளத்திலோ ஆள் பார்வையில் படும் இடத்திலோ வைக்க வேண்டும். அப்புறம், நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் இருக்கும் மாநில ஆணையருக்குப் புகார் எழுதலாம், அதற்கு வக்கீல் வேண்டியதில்லை. நான் எழுதவில்லை. சேலம் சின்ன ஊர், புகார் கொடுத்தவள் என்று பேர் வந்தால் அடுத்த கதவும் சாத்திக்கொள்ளும் என்று பயந்தேன். எழுதியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சட்டம் தெரிந்ததால் வேலை கிடைத்துவிடவில்லை. ஆனால் நான் கேட்கிற கேள்வி மாறியது. ‘எனக்கு வேலை தருவீர்களா’ என்பதற்குப் பதிலாக, ‘உங்கள் நிறுவனத்தில் சம வாய்ப்புக் கொள்கை இருக்கிறதா, நான் பார்க்கலாமா’ என்று விண்ணப்பத்தோடு ஒரு வரி சேர்த்து எழுத ஆரம்பித்தேன். பெரும்பாலோர் பதிலே போடவில்லை. ஏற்காட்டில் இருக்கும் ஒரு தங்கும் விடுதி மட்டும் போட்டது. தலைமை அலுவலகம் வேறு ஊரில், கணக்குப் பிரிவுக்கு ஆள் தேவை, நேரில் வாருங்கள் என்று.

அங்கே மேலாளர் கொஞ்சம் வயதானவர், மீசை இல்லை. கணக்கைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார். ஒரு பழைய ஸ்டேட்மென்டைக் கொடுத்துத் தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னார், கண்டுபிடித்தேன். கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “உங்களுக்கு இங்க வேலை செய்ய என்னம்மா வேணும்?” என்று கேட்டார். பதினைந்து மாதமாக இந்தக் கேள்வியை ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தேன். கேட்டதும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? “ஒண்ணும் வேண்டாம் சார், நான் சமாளிச்சுக்குவேன்.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் மூன்று மாதம் விலை கொடுத்தேன். அதோடு, மாதம் 13,500 என்றதும் சரி என்று தலையாட்டிவிட்டேன். பழைய சம்பளத்தைவிட மூவாயிரம் குறைவு. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு எவ்வளவு என்று கேட்கவில்லை. வேலை கொடுத்தார்களே, அதற்கே கும்பிடு போட வேண்டும் என்கிற மனநிலை. அது பணிவு இல்லை, பயம்.

காலை ஏழு மணிக்கு அஸ்தம்பட்டியில் விடுதி வேன் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு. மேலே போகப் போகக் காது அடைக்கும், எல்லோருக்கும்தான். வேனில் எல்லோரும் ஒரே நேரத்தில் ‘காதே கேக்கல’ என்று சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு சின்ன சந்தோஷம். அங்கே என் மேசை கதவுக்கு முதுகைக் காட்டிப் போடப்பட்டிருந்தது. யார் வந்தாலும் திடுக்கிடுவேன். கூட்டத்தில் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், யார் உதட்டைப் பார்ப்பது? இரண்டு முறை அறை வாடகைக் கணக்கில் தப்பு. தப்பு என்பதைவிட, போனில் சொன்னதைக் கேட்டதாகப் பாவனை செய்தது. மேலாளர் முகம் மாற ஆரம்பித்தது. நூல் கடையின் கடைசி மாதம் மறுபடி வருகிறது என்று புரிந்தது. போதாததற்கு ஆகஸ்டில் மூடுபனி. அந்த ஈரம் மெஷினுக்குள் இறங்கி வலது பக்கம் செத்துப்போனது. ரிப்பேருக்கு 8,500. மலையில் வேலை செய்கிறவர்கள் தினமும் ராத்திரி மெஷினின் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். அரிசியில் போட்டு வைக்காதீர்கள், தூசி உள்ளே போகும். நான் போட்டேன்.

அந்த ரிப்பேருக்காக இரண்டு நாள் லீவு எடுத்தபோதுதான் உட்கார்ந்து ஒரு அரைத்தாள் எழுதினேன். குறையை எழுதவில்லை. வேண்டியதை மட்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு என்று பக்கத்தில் போட்டு எழுதினேன். மேசையைக் கதவு பார்த்துத் திருப்ப வேண்டும், செலவு இல்லை. தொகை, தேதி, அறை எண் எதுவாக இருந்தாலும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வர வேண்டும், செலவு இல்லை. கூட்டத்தில் ஒரு வெள்ளைப் பலகை, முடிவானதை யாராவது அதில் எழுத வேண்டும், 900 ரூபாய். தீ எச்சரிக்கை மணி எனக்குக் கேட்காது, ஆகவே மணி அடித்தால் வந்து தோளைத் தட்ட ஒரு ஆள் பேரைச் சொல்லி நியமிக்க வேண்டும், செலவு இல்லை. போன் பேசும் வேலை என் பொறுப்பில் இருக்கக்கூடாது, அதற்குப் பதிலாக முன்மேசையின் தினக் கணக்கை நான் சரிபார்த்துத் தருகிறேன். கடைசியாக, உங்கள் சம வாய்ப்புக் கொள்கையில் சொல்லியிருக்கும் தொடர்பு அலுவலர் யார்?

மேலாளர் படித்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போகும் நடைக்குப் போனார். தீயணைப்பு சிலிண்டருக்குப் பின்னால், ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது கொள்கை. முழுசாக ஆங்கிலத்தில். அதில் தொடர்பு அலுவலர் என்று போட்டிருந்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறதாம். மேலாளர் சிலிண்டரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, “இதத்தான் காட்டுறாங்க யாரு வந்தாலும்” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. ‘காது கேட்காதவர்’ என்றதும் அவர் மனசில் லட்சக்கணக்கில் செலவு ஓடியிருக்கிறது. அரைத்தாளில் கூட்டுத்தொகை 900 என்று இருந்ததைப் பார்த்துத்தான் அவர் முகம் தெளிந்தது. முதலாளிகள் நம் குறையைப் பார்த்துப் பயப்படுவதைவிட, அதற்கு எவ்வளவு செலவாகுமோ என்ற தெரியாத தொகையைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள் என்பது என் அனுபவம். அந்தத் தொகையை நேர்காணலிலேயே நாமே சொல்லிவிட வேண்டும். நான் மூன்று மாதம் தாமதமாகச் சொன்னேன். எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டேன் என்று ஒரு பதில் மெயிலும் வாங்கி வையுங்கள். மேலாளர் மாறினால் வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும்.

அதற்கப்புறம் கணக்கில் தப்பு வரவில்லை. வருடம் முடிந்ததும் சம்பளத்தைப் பற்றிப் பேசினேன், 16,000 ஆனது. எனக்கு முன்னால் இருந்தவருக்கு 18,000 என்று சம்பளப் பதிவேட்டை நானே பராமரிப்பதால் தெரியும். அது இன்னும் பேச்சில் இருக்கிறது.

போன மாதம் மேலாளர் அவசரமாக வந்து தோளைத் தட்டினார். சமையலறை உதவிக்கு ஒரு பையன் வந்திருக்கிறான், பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை, “நீங்க வந்து பேசுங்கம்மா” என்றார். எனக்கு சைகை மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை, ஏதோ நான் தன்னடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். போய் உட்கார்ந்தேன். பையனுக்கு இருபது இருக்கும், நாகலூர்ப் பக்கம். என் மெஷினைப் பார்த்ததும் கையை வேகமாக அசைத்து என்னவோ கேட்டான். நான் கையை விரித்தேன். அவன் சிரித்துவிட்டான். வீடியோவில் சைகை மொழி பெயர்ப்பவர் யாராவது கிடைப்பார்களா என்று மேலாளரிடம் தேடச் சொல்லிவிட்டு, அதுவரைக்கும் என் வெள்ளைப் பலகையை எடுத்து வந்து அவனிடம் மார்க்கரைக் கொடுத்தேன். என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக் காட்டினேன், அரைத்தாள் கணக்கில். அவன் அதைப் படித்துவிட்டு, அழித்துவிட்டு, ‘சம்பளம் எவ்வளவு’ என்று எழுதி மேலாளர் பக்கம் திருப்பிக் காட்டினான்.

மேலாளர் ஒரு எண்ணை எழுதினார். பையன் அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொரு எண்ணை எழுதினான்.